இருநூற்றுப் பத்து என்கிற ஆள்

"பன்னெண்டு மணி மேடம், அதுக்கு மேல என் கையில இல்ல, அப்புறம் நீங்க என்னைக் குறை சொல்லக்கூடாது, ஏன்னா முதல் போன் உங்களுக்குத்தான் போட்டேன், அதையும் நீங்க…"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கம்ப்யூட்டர் மேசையை இழுத்துக்கொண்டிருந்தாள் டிசைனர். கூரையில் நேற்று நாணயம் அளவில் இருந்த ஈரம் இன்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருந்தது. முதல் சொட்டு கீபோர்டுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. இரண்டாவது சொட்டு குறி பார்ப்பதற்குள் மேசை சுவரை விட்டு விலகிவிட்டது. காலாலேயே வாளியைத் தள்ளி அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்."

பேசிக்கொண்டிருந்தவர் கம்பெனிகளுக்கும் டிசைனர்களுக்கும் நடுவே நின்று பிழைக்கும் ஏஜென்ட். ஒரு வாக்கியத்தை அவர் முடித்து யாரும் கேட்டதில்லை. அதனால் டிசைனர்கள் அவருக்கு வைத்த பெயர் கமா.

"ஃபர்னிச்சர் கம்பெனி, அறுபது நாள் வேலை, வெப்சைட் முழுசா மாத்தணும், கையெழுத்துப் போட்ட அன்னிக்கே பத்து நாள் காசு முன்னாடியே குடுத்துடுவாங்க, இந்த மாதிரி பார்ட்டி இந்தக் காலத்துல…"

"நாளைக்கு முந்நூறு. என் ரேட்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம், ஆனா இருநூத்திப்பத்துக்கு ஆள் நிக்கிறாரு, உங்களுக்குத் தெரியாத நம்பரா அது…"

"அந்தப் பேச்சு வேணாம்."

வெட்டினாற்போல் சொன்னாள். கமா குரலை இறக்கிக்கொண்டார்.

"சரி விடுங்க, அந்த ஆளு சாம்பிளுக்கு ரெண்டு நாள் வேலை செஞ்சு குடுத்திருக்காரு, ஃபைலை உங்களுக்கு அனுப்புறேன், பாருங்க, ஓரத்துல ஏதோ கோடு கோடா விட்டிருக்காரு, அது என்ன ஸ்டைலோ எனக்குப் புரியல, கம்பெனிக்காரங்களுக்குப் புடிச்சுப்போச்சு, பார்த்துட்டு பன்னெண்டுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க, ஒரே நம்பர், பேரம் எல்லாம்…"

போன் வைக்கப்பட்டது. மணி பத்து நாற்பது.

மூன்று நாளாக மழை விடவில்லை. துவைத்த துணி காய வேறு இடமில்லாமல் நாற்காலி முதுகு, கதவு, புத்தக அலமாரி எல்லாவற்றிலும் தொங்கியது. அறையில் சோப்பு வாசனையும் பூஞ்சை வாசனையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர்களோடு வீடியோவில் பேசும்போது தெரிகிற ஒரு சதுரச் சுவரை மட்டும் அவள் சுத்தமாக வைத்திருந்தாள். அதில் ஒரு செடிப் படம். உலகம் பார்த்த அவளுடைய வீடு அவ்வளவுதான்.

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். இடது கையில் முட்டை ரொட்டித் தட்டு. வலது கை வழக்கம்போல் மார்போடு ஒட்டி, கட்டுப்பட்டைக்குள்.

"கமாவா?"

"ஆமா."

"என்னவாம்?"

"ரேட்டுக் கதைதான். எவனோ ஒருத்தன் இருநூத்திப்பத்துக்கு நிக்கிறானாம்."

அவர் தட்டை மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் ரொட்டி ஒன்று சரிந்தது. அதை இடது கையால் நேராக்க இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை ஜெயித்தார்.

"எவனா இருந்தாலும் அவனுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும்ல."

"கஷ்டம் யாருக்குத்தான் இல்ல? கஷ்டம்னா பிச்சை எடுக்கட்டும். அடுத்தவன் தட்டுல கை வைக்கிறதுக்குப் பேரு கஷ்டமில்ல, திருட்டு."

அவருடைய கையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. எல்லாப் பேச்சும் அதைச் சுற்றித்தான் நடந்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் பத்தொன்பது வருஷம் நின்றவர். போன வருஷம் பிளேடு இறங்கியது. விரல்களை எடுக்கவில்லை, நரம்பை எடுத்துக்கொண்டது. முதல் ஆபரேஷன் விரல்களைக் காப்பாற்றியது. அவை மடங்க வேண்டுமானால் இரண்டாவது ஒன்று வேண்டும். இந்த மாதத்துக்குள் செய்யாவிட்டால் விரல்கள் இப்படியே கட்டை தட்டிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பணம் கட்டச் சொல்லிவிட்டது ஆஸ்பத்திரி. இன்று புதன். ஃபர்னிச்சர் கம்பெனியின் முன்பணமும் அந்தப் பாதியும் ஏறக்குறைய ஒன்று.

"நான் கீழ போயிட்டு வரேன்," என்றார்.

தினமும் பதினொரு மணிக்குக் கீழ் வீட்டுக்குப் போவார். அங்கே அவருடைய அக்கா இருந்தாள், பள்ளிச் சீருடை தைப்பவள். கைக்கு வெந்நீர் ஒத்தடமும் பயிற்சியும் அக்காதான் கொடுப்பாள் என்று ஏற்பாடு. மூன்று மணிக்குத்தான் திரும்புவார். மூன்று மாதமாக இதுதான் வழக்கம்.

"குடை எடுத்துட்டுப் போங்க. படியில தண்ணி நிக்குது."

"இறங்குறது பதினாலு படி. அதுக்கு எதுக்குக் குடை?"

அவர் போன சற்று நேரத்தில் எதிர்த்திசையில் நாத்தனார் ஏறி வந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் ஒரு குண்டூசி. பட்டன் டப்பாவைத் தேடி வந்தாளாம். தேடியது டப்பாவையா செய்தியையா என்று சொல்ல முடியாது.

"என்ன, பெரிய முதலாளி போனா?"

"வேலை ஒண்ணு வருது அண்ணி."

"வருதா, வந்துடுச்சா?"

"ரேட்டு சொல்லணும்."

நாத்தனார் குண்டூசியை எடுத்துத் தன் சேலை முனையில் குத்திக்கொண்டாள். பேசப்போகிறாள் என்று அர்த்தம்.

"நான் ஒரு சட்டைக்கு இவ்வளவுன்னு வாங்குறேன். காலரு கோணலாப் போனா காசு கிடையாது. உனக்கு மட்டும் எப்படிம்மா நாள் கணக்கு? உக்காந்தாலே காசா?"

"உக்காந்தா இல்ல அண்ணி, வேலை செஞ்சா."

"முந்நூறா கேட்டே?"

"ஆமா."

"ஒரு நாளைக்கு."

"ஆமா."

"அப்படின்னா மாசத்துக்கு ஒன்பதாயிரம் வரணுமே. வீட்டுல வாளி வச்சுத் தண்ணி புடிக்கிறே?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அதை அவள் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். நாத்தனாருக்கு மட்டும் சொல்லத் தோன்றவில்லை. பட்டன் டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"கிடைக்கிறத வாங்கும்மா. என் தம்பி விரலு உன் ரேட்டுக்காகக் காத்துட்டு இருக்காது."

நாத்தனாருக்குச் சொல்லாத அந்தப் பதில் பிறந்தது ஒரு பேக்கரியில். போன வருஷம், ஊரிலிருந்த மற்ற ஒப்பந்த டிசைனர்கள் நாலு பேரை அவள்தான் அங்கே கூட்டினாள். ஆளாளுக்கு ரேட்டைக் குறைத்து ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்த நேரம். கேக் பெட்டி மூடியைக் கவிழ்த்து அவள்தான் கணக்குப் போட்டாள்.

"வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள்னு யாரு சொன்னது? சனி ஞாயிறு கழிச்சா இருநூத்தி அறுபத்தொண்ணு. லீவு நாள் பதினஞ்சு. காய்ச்சல் தலைவலிக்குப் பத்து. வேலையே வராம சுவரப் பார்த்து உக்காந்திருக்கிற நாள் அறுபது. ரேட்டு சொல்லி, பேசி, பில்லு போட்டு, காசுக்கு அலையறது ஒரு முப்பத்தாறு. மிச்சம் எவ்வளவு? நூத்தி நாப்பது. நம்ம வருஷம் அவ்வளவுதான்யா. அந்த நூத்தி நாப்பதுல சம்பாதிக்கிறத வச்சுத்தான் முழு வருஷமும் சாப்பிடணும். குடும்பத்துக்கு வருஷம் நாப்பத்திரெண்டாயிரம். வகுத்துப் பாருங்க."

வகுத்தார்கள். சரியாக முந்நூறு வந்தது. மூடியில் முந்நூறு என்று எழுதி அடியில் அழுத்தி ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே யாரும் போவதில்லை என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போகிறவன் மனுஷனே இல்லை என்று வாயாலும் சொன்னார்கள். கேக்குக்கு அவள்தான் காசு கொடுத்தாள்.

போன் அடித்தது. நெட்டை.

நெட்டையும் அவளும் ஒரு காலத்தில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கோடு போட்ட ஐவரில் முதல் கையெழுத்து அவனுடையது. அன்றிலிருந்து அவளைத் தலைவி என்றுதான் கூப்பிடுவான். பாதி கேலி, பாதி நிஜம்.

"தலைவி, ஃபர்னிச்சர் வேலைக்கு உன்னையும் கேட்டானா கமா?"

"கேட்டான். உன்னையுமா?"

"என்னையும்தான். முந்நூறுன்னேன். இருநூத்திப்பத்து வந்து நிக்கிறான்னு சொன்னான்."

மூன்று மாதத்தில் நான்கு வேலைகளை அந்த முகம் தெரியாத ஆள் தட்டிக்கொண்டு போயிருந்தான். பெயர் தெரியாததால் ரேட்டையே பெயராக்கிவிட்டார்கள். இருநூத்திப்பத்து வந்தான், இருநூத்திப்பத்து போனான்.

"புது ஆளுன்னு நினைக்கிறியா நீ?" என்றான் நெட்டை. "புது ஆளே இல்ல. போன வருஷம் அந்த டைல்ஸ் கம்பெனி வேலை எனக்கு வர இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாப்பது நாள். கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்துட்டேன். அப்ப வந்தான் ஒருத்தன். அதே இருநூத்திப்பத்து. அப்புறம் எட்டு மாசம் காணோம். இப்ப மறுபடி முளைச்சிருக்கான்."

வாளியில் சொட்டுகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன். ஞாபகம் இருக்கு."

"அந்த நாப்பது நாள் வந்திருந்தா நான் வீட்டைக் காலி பண்ணியிருக்க மாட்டேன் தலைவி. மாமனார் வீட்டு மாடி ரூம்ல உக்காந்திருக்கேன். கூரை சரிவா இருக்கு. ஆறடி ஆளு நான், மண்டிபோட்டு வேலை பார்க்கிறேன். மாமனாரு வந்து பார்த்துட்டு, மாப்பிள்ளை பக்திமான் ஆயிட்டாருங்கிறாரு."

அவன் சிரித்தான். அவளும் கூடவே சிரித்துவைத்தாள்.

"அந்த ஆளு மட்டும் கையில கிடைச்சா," என்றான், "அடிக்க எல்லாம் மாட்டேன். என் பொண்ணு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தி, பாரு, உன் ஸ்கூல மாத்தினது இவன்தான்னு காட்டுவேன். போதும்."

"ஃபைல் அனுப்புறேன்னிருக்கான் கமா. அவன் செஞ்ச சாம்பிள். பார்த்தா யாருன்னு தெரிஞ்சுடும். வேலையில கைரேகை இருக்கும்."

"பாரு. பார்த்துட்டு உடனே சொல்லு. நீ கோட்டுல நிக்கிறதானே?"

"நான் போட்ட கோடுடா அது."

"உன்னை நம்பித்தான் நானும் நிக்கிறேன். இல்லேன்னா இன்னிக்கு நூத்தி எண்பதுக்குக் கூடப் போயிருப்பேன்."

பதினொன்று இருபதுக்கு ஃபைல் வந்தது.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரியின் வேலை மட்டமாக இருக்கும், இரண்டு திட்டுத் திட்டலாம் என்றுதான் திறந்தாள். மட்டமாக இல்லை. அதுதான் எரிச்சல். நாற்காலி, கட்டில், அலமாரிப் படங்கள் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தாற்போல் நின்றன. எழுத்துகளுக்கு நடுவே விட்ட இடம் மயிரிழை பிசகவில்லை. நிறங்கள் சற்றுப் பழைய பாணி. பட்டன்கள் பெரியவை, ஒரு விரலால் தடவித் தடவித் தேடுகிறவனுக்கு ஏற்றவை. இளவட்டம் இல்லை. வயசாளி. பொறுமைசாலி.

பக்கத்தின் ஓரங்களுக்குப் போனாள். கமா சொன்ன கோடுகள்.

நாலு மூலையிலும், பக்கத்துக்கு வெளியே, மெல்லிய சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சிலுவைக் கோடுகள். பின்னணி நிறம் பக்க எல்லையோடு நிற்காமல் நாலு பக்கமும் கொஞ்சம் வழிந்திருந்தது. எவ்வளவு என்று அளந்தாள். மூன்று மில்லிமீட்டர்.

கம்ப்யூட்டர் திரையில் யாரும் மில்லிமீட்டரில் அளப்பதில்லை. திரையில் தெரிகிற பக்கத்தை எந்தப் பிளேடும் வெட்டப் போவதில்லை.

அவளுக்கு ஒரு குரல் கேட்டது. கல்யாணமான புதிதில், அச்சகத்திலிருந்து கொண்டு வந்த தாள்களை விரித்துவைத்துப் பெருமையோடு சொன்ன குரல். 'மூலையில இருக்கு பாரு, இதுதான் வெட்டுக்குறி. இதைப் பார்த்துத்தான் பிளேட இறக்கணும். கலர மூணு மில்லி வெளிய விடணும். விடலேன்னா வெள்ளை ஓரம் தெரியும்.'

நாற்காலி பின்னால் சாய்ந்து, காய்ந்துகொண்டிருந்த போர்வையோடு விழுந்தது. எடுத்து நிறுத்தவில்லை. பதினான்கு படிகள். தண்ணீர் கணுக்கால் வரை.

கீழ் வீட்டின் கதவு திறந்தேதான் இருந்தது. தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. நீலச் சீருடைத் துணிகள் இடுப்பளவு குவிந்து கிடக்க, அவற்றுக்கு நடுவே, துணி வெட்டும் மேசையின் ஒரு மூலையில் கணவர். முன்னால் அவள் தூக்கிப்போடச் சொன்ன பழைய லேப்டாப். இடது கையில் மவுஸ். வெந்நீரும் இல்லை, ஒத்தடமும் இல்லை.

மெஷின் நின்றது. நாத்தனார் தம்பியைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள்.

"நான் சொல்லல," என்றாள் தம்பியிடம். "அவளாத்தான் வந்திருக்கா."

டிசைனர் வாசலிலேயே நின்றாள். சேலை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"திரையை யாருங்க வெட்டப்போறாங்க?"

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். வேலையில் தப்பு செய்துவிட்ட தொழிலாளியின் வெட்கம்.

"வெட்டுக்குறிய எடுக்காம விட்டுட்டேனா? கை தானா போட்டுடுது. பத்தொன்பது வருஷம்."

"எத்தனை வேலை?"

"நாலு. இது அஞ்சாவது."

"என்கிட்டருந்தா?"

"உன்கிட்டருந்துன்னு இன்னிக்குக் காலையில நீ சொல்றவரைக்கும் எனக்குத் தெரியாது. கமா யாரு பேரையும் சொல்ல மாட்டான். அவன் நம்பரு உன் டைரியில இருந்துச்சு. அக்கா கடைப் பேர்லதான் பில்லு. நீ வேலை செய்யறத ஒரு வருஷமா பக்கத்துலயே உக்காந்து பார்த்திருக்கேன். ஆபரேஷனுக்குச் சேர்த்து வச்சு ஒரேயடியா சொல்லலாம்னு இருந்தேன். என் கைக்கு நீயே அழுதுட்டு இருக்கணுமா?"

"அஞ்சு குடும்பங்க. நாங்க அஞ்சு பேரு உக்காந்து போட்ட கணக்குங்க அது. நீங்க அதைக் குறைச்சு…"

"நான் குறைக்கலையே."

சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் சொல்லிவிட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன சொல்றீங்க? முந்நூறு எங்க, இருநூத்திப்பத்து எங்க?"

"அக்கா, அடுப்புல ஏதோ காயுது பாரு."

"அடுப்பு அணைச்சுதான் இருக்கு," என்றாள் நாத்தனார்.

"பரவால்ல. போய்ப் பாரு."

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குள் டிசைனரின் கையிலிருந்த போன் அடித்தது. நெட்டை.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தாள்.

"ஃபைல் வந்துச்சா? ஆளு தெரிஞ்சுதா?"

கணவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நல்ல கை, கெட்ட கை, இரண்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"தெரியல," என்றாள். "யாரோ புது ஆளு. நம்ம அஞ்சு பேர்ல இல்ல."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. நீ முந்நூறுலயே நில்லு. இறங்காத."

"நீ?"

"நானும்தான்."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அவளே கமாவைக் கூப்பிட்டாள். குரலைச் சுத்தமாக்கிக்கொண்டாள், வீடியோவில் தெரிகிற அந்தச் சதுரச் சுவர் மாதிரி.

"என் ரேட்டு முந்நூறுதான். அதுல மாத்தம் இல்ல. உங்களுக்குக் கட்டுப்படி ஆகலேன்னா அந்த இருநூத்திப்பத்துக்காரருக்கே குடுத்துடுங்க. வேலை சுத்தமா இருக்கு. ஓரத்துக் கோட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

"மேடம், பெரிய மனசு மேடம் உங்களுக்கு, போட்டிக்காரனுக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்ற ஆள நான் பார்த்ததே இல்ல, அப்ப இன்னிக்கே அவருக்குக் கையெழுத்துக்கு அனுப்பிடுறேன், ராசியான நம்பர்தான் மேடம் அது, போன வருஷமும்…"

அவள் வைத்துவிட்டாள்.

மழை சற்று ஓய்ந்திருந்தது. உள்ளே பாத்திரம் எதையோ காரணமில்லாமல் உருட்டிக்கொண்டிருந்தாள் நாத்தனார்.

"அறுபது நாளையும் நான்தான் செய்யணும்," என்றாள் கணவரிடம். "நீங்க வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில படுத்துடுவீங்க. பேரு மட்டும் உங்களுது. வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது. நெட்டை காதுக்குப் போனா நான் செத்தேன்."

அவர் தலையாட்டினார். பிறகு எழுந்து, மேசைக்கு அடியிலிருந்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறையை இடது கையாலும் பல்லாலுமாகப் பிரித்தார். கையின் எலும்புப் படங்களுக்கு நடுவிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை உருவினார்.

"நான் யார் ரேட்டையும் குறைக்கலம்மா. எனக்கு இந்தத் தொழில்ல என்ன கேக்கணும்னு என்ன தெரியும்? டாக்டர் சீட்டு தேடுறப்ப இது கிடைச்சுது. சரி, வெளிய முந்நூறுன்னு சொல்லிக்கிறாங்க, உள்ள வாங்குறது இதுதான் போலன்னு நினைச்சுட்டேன். உன் ரேட்டைத்தான் கேட்டேன்."

அவள் கையை நீட்டவில்லை. அவரே மேசைமேல் விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டார்.

டைல்ஸ் கம்பெனிக்குப் போட்ட பில். நாற்பது நாள். நாள் ஒன்றுக்கு இருநூற்றுப் பத்து. கீழே அவளுடைய கையெழுத்து, கேக் பெட்டி மூடியில் போட்ட அதே கையெழுத்து. வேலை தொடங்கிய தேதியும் இருந்தது. பேக்கரியில் கோடு போட்டு ஒன்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.